துடைத்துவிட்ட பொட்டு

மஸ்ஜித் தானா
12.9.1999

அன்புள்ள அம்மாவுக்கு, குகன் வணங்கி எழுதுவது. மூட்டு வலி குறைந்ததா? நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் டுரியான் துங்காலிலிருந்து ராமையா மாமா தன் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். சிஸ்டத்தைப் புதுப்பித்ததிலிருந்து, இறந்துபோன மனைவியின் படம் திரையில் வந்ததுமே எல்லாம் உறைந்துவிடுகிறதாம். "அவளுக்கு என் மேல கோவம் போல, தம்பி" என்றார். கோபமெல்லாம் இல்லை அம்மா, திரையில் படம் காட்டும் புரோகிராமை டிரைவர் என்பார்கள்; பழைய டிரைவரும் புது டிரைவரும் உள்ளே மோதிக்கொண்டன. இரண்டையும் நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் மறுபடி போட்டேன், சரியாகிவிட்டது. திரைக் கண்ணாடியில் காய்ந்திருந்த சிவப்புக் கறையையும் அழுத்தித் துடைத்து வைத்தேன்.

மாமா திரும்ப வாங்கிப்போக வந்ததும் போட்டுக் காட்டினேன். மனைவியின் முகம் பளிச்சென்று வந்தது.

"பொட்ட ஏன் தம்பி தொடச்சிட்ட? வெள்ளிக்கெழமதோறும் நான் வெச்ச குங்குமம்லா அது."

மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் உங்கள் நெற்றியைத் துடைத்தபோது நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் படம் ஒன்றும் புதிதாக எடுத்து அனுப்புங்கள், அறையில் மாட்ட வேண்டும். கடை திறக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

படம் எடுக்கும்போது பொட்டு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. யாராவது கேட்டால், மகன் வைக்கச் சொன்னான் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்
குகன்