மேனேஜர் மேசையில் இருக்கும் ஏலக்காய்

போடிநாயக்கனூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று முதல் வரியில் எழுதுவது வழக்கம், அதனால் எழுதிவிட்டேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மலையில் விடாமல் சாரல் அடிக்கிறது, ஏலக்காய் ஈரத்தோடு வருகிறது, காய்க் கடையில் உட்கார்ந்து தரம் பிரித்துப் பிரித்து எனக்கு விரல் நுனியெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கிறது. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ரேணுகா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

நீ தவணையில் வாங்கி அப்பாவுக்கு ஓட்டக் கொடுத்த வண்டி விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். கம்பெனிக்காரன் சொன்ன பாதி. மீதியை நான் சொல்கிறேன். போன மாதம் அப்பா போடிமெட்டிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் கிறீச்சென்று கத்தியிருக்கிறது. கம்பெனி சர்வீஸில்தான் காட்ட வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய், சரியென்று தேனிக்குக் கொண்டுபோனார். ஏசியில் சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, சார் சார் என்று கூப்பிட்டுவிட்டு, பிரேக் கட்டை மட்டும் போதாது, டிஸ்க்கும் மாற்ற வேண்டும், ஆயில் மாற்ற வேண்டும், அதைக் கழுவ வேண்டும், இதைச் சரிபார்க்க வேண்டும் என்று பதினெட்டாயிரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தன் வண்டியைத் தானே கிட்டப் போய்ப் பார்க்க விடவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டுமாம். இருபது வருஷம் எஸ்டேட் ஜீப்பை ஏற்றி இறக்கிய மனுஷன் எதையும் மாற்றாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். நீ வண்டித் தவணையும் கட்டி, அங்கே வீட்டு வாடகையும் கொடுத்து என்ன மிச்சம் வைக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் உன்னிடம் சொல்லவில்லை.

என்னோடு கடையில் காய் பிரிக்கிற சிலமலைக்கார ராஜாத்தியின் மகன் அருள்பாண்டி அதே கம்பெனியில்தான் மெக்கானிக். உனக்குத் தெரியும், உன்னோடு பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் வந்தவன். அவனிடம் கேட்டேன். டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை அத்தை, கட்டை மட்டும் தேய்ந்திருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமை வந்து தெருவிலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் கொடுத்தான். கட்டை தேனியில் பாகங்கள் விற்கிற கடையில் வாங்கியது, கம்பெனிக்குச் செய்து தருகிறவன் செய்ததுதான், பெட்டியில் மட்டும் கம்பெனி பேர் இல்லை. எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. கூலி வாங்கவில்லை, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனான். கட்டை தேய்ந்ததற்கு வண்டி காரணம் இல்லை என்பதையும் போகும்போது சொன்னான். டீசல் மிச்சம் என்று அப்பா ஜீப் காலத்துப் பழக்கத்தில் இறக்கம் முழுவதும் நியூட்ரலில் விடுகிறார். கியரில் இறங்குங்க மாமா என்று அவன் சொன்னதற்கு, எனக்கே மெட்டு ரோட்ட சொல்லித்தாறியா மாப்ளே என்று சிரித்தார்.

இவ்வளவோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. போன வாரம் இலவச சர்வீஸ் தேதி வந்தது. வேலை செய்த கையை வெறுங்கையாக அனுப்பக்கூடாது என்று உன் அப்பாவுக்கு அன்றையிலிருந்து ஒரே உறுத்தல். நான் கடையில் சொல்லிவைத்து வாங்கிய நல்ல திரண்ட பருவட்டு ஏலக்காய் கால் கிலோவை எனக்குத் தெரியாமல் பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே எல்லார் முன்னாலும் அவனைக் கூப்பிட்டு, மாப்ளே, பிரேக்கு சொன்ன எடத்துல நிக்குது, அன்னைக்கி காசுதான் வாங்கல, இதயாச்சும் கொண்டு போ என்று நீட்டியிருக்கிறார். என்ன பிரேக் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். இவரும் சிரித்துக்கொண்டே அத்தனையும் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொன்னது எவ்வளவு, ஆனது எவ்வளவு என்பது வரைக்கும். தங்கமான கை, ஒங்க பயலுக்கு சம்பளத்த ஏத்திக் குடுங்க என்று சிபாரிசு வேறு. பையனுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பதாக நினைத்திருக்கிறார். வெளியில் வேலை செய்தான் என்று சாயங்காலத்துக்குள் அவனுடைய கம்பெனிச் சட்டையையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இனிமேல்தான் உன் பாகம். வண்டி உன் பேரில் இருப்பதால் உன்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். அருள்பாண்டி எங்களை ஏமாற்றி மட்டமான பாகத்தை மாட்டினான் என்று நீ எழுதிக் கொடுத்தால் வாரண்டி தொடருமாம், கொடுக்காவிட்டால் வெட்டிவிடுவார்களாம். நீயும் எழுதப்போவதாகச் சொன்னாய். அவன் செஞ்சது தப்புதானம்மா, ரூல்னா ரூல்தான் என்றாய். சம்பளம் வாங்கும் இடத்துக்குத் தெரியாமல் செய்தது தப்பு என்றே வைத்துக்கொள். ஏமாற்றினான் என்பது பொய். மட்டமான பாகம் என்பதும் பொய், பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. பதினெட்டாயிரம் சொன்னவன் டை கட்டியிருக்கிறான், அவன் ஏமாற்றியதை எங்கே எழுதிக் கொடுப்பது? ஒரு பில்லில் கூலி என்று போடுகிறார்களே, அதில் அருள்பாண்டி கைக்கு என்ன வருகிறது என்று கேட்டிருக்கிறாயா? மாதம் பதிமூன்றாயிரம். ராஜாத்தியும் நானும் பிரிக்கிற காய்க்கும் அதே கணக்குத்தான், ஏலத்தில் விலை எங்கேயோ போகிறது, எங்கள் கூலி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

நீ எழுதிக் கொடுத்தால் அவனுக்கு இந்த மாதச் சம்பளம் கிடையாது, வேலை பார்த்த சான்றும் கிடையாது. திருடன் என்று முத்திரை விழுந்தவனைத் தேனியிலும் மதுரையிலும் எந்தக் கம்பெனியும் சேர்க்காது. திங்கட்கிழமை காலையில் அவன் எஸ்டேட் ஜீப்பில் தொங்கிக்கொண்டு களை வெட்டப் போனதை நானே பார்த்தேன். ராஜாத்தி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து காய் பிரிக்கிறாள். உன்னிடம் சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் திட்டினால்கூட நன்றாக இருக்கும். அப்பா வண்டியை எடுப்பதே இல்லை. நல்லது சொல்றோம்னு நெனச்சு பிள்ளை சோத்துல மண்ணப் போட்டுட்டேனே என்று நேற்றும் சொன்னார். மேனேஜர் காலில் விழப் போகிறேன் என்று கிளம்பியவரை நான்தான் தடுத்தேன்.

வாரண்டி போனால் போகட்டும். நாம் போய்க் கேட்டபோதெல்லாம் இது வாரண்டியில் வராது என்றுதானே சொன்னார்கள். நாளைக்குப் பெரிதாக ஏதாவது போனால் என்ன செய்வது என்று கேட்பாய். எனக்கும் பயம்தான். போனால் கஷ்டப்படுவோம், கஷ்டம் நமக்குப் புதிதில்லை. கியரில் இறங்குவதாக அப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார், அதையும் எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை.

நீ மகராசியாக இரு. உன் உழைப்பு உனக்கு வந்து சேரட்டும். மழையில் நனையாதே, வெந்நீர் குடி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தப் பொட்டலத்தை அருள்பாண்டி கையால் தொடவில்லை. சாட்சிக்கு வேண்டும் என்று மேனேஜர் தன் மேசையில் எடுத்து வைத்துக்கொண்டானாம். நீ எழுதிக் கொடுக்காவிட்டால் அது வெறும் ஏலக்காய்தான். டீயில் போட்டுக் குடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கற்பகம்