முதல் மடை சுத்தம், சித்தி

இட்லிக்கு ஊறப்போட்ட வெந்தயத்தை அலசிக்கொண்டிருந்தேன், சித்தி. அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறும்போதே போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. அம்மாவின் ரிசல்ட் வந்துவிட்டது, நல்லபடியாக! ஈரக்கையோடு குதித்தேன். என் குட்டிப் பெண்ணும் காரணம் தெரியாமல் கூடவே குதித்தாள். உடனே யாரிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது உன் முகம்தான் வந்தது. நீ இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

உன் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். பதறாதே, ஆரம்பக் கட்டம்தான்.

உனக்கு வந்ததும் இதுவே. மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து இரத்தம் பட்டபோது, வயல் வெயிலில் நின்ற சூடு என்று வெந்தயத் தண்ணீரும் மோரும் குடித்தே ஒரு சாகுபடியை ஓட்டிவிட்டாய். கடைசியில் தஞ்சாவூர் வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவை அப்பப்போ கேளுடி. அவளா வாயைத் திறக்க மாட்டா" என்றாய்.

போன கோடையில் அம்மா வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். குட்டி பக்கத்தில் இருக்கிறாள் என்றும் பார்க்காமல் கேட்டேன்.

"அம்மா, உனக்குப் படுதா?"

"சீ, புள்ள முன்னாடி என்னடி பேச்சு!"

"படுதா, இல்லையா?"

"லேசா... சூடுதான்."

மறுநாளே ஆஸ்பத்திரியில் இருந்தோம். சதையெடுத்துச் சோதித்ததில் புற்று என்று தெரிந்தது.

ரோபோ வைத்து ஆபரேஷன் என்றதும் அம்மா கேட்டாளே ஒரு கேள்வி! "அது பாட்டுக்கு அறுக்குமா டாக்டர்? எங்க ஊர்ல நடவு மெஷினையே வரப்புல ஏத்திட்டான்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான்தாம்மா ஓட்டுவேன். அது எனக்கு இன்னும் ரெண்டு மெலிசான கை மாதிரி. சின்னச் சின்ன ஓட்டை போதும்." கர்ப்பப்பையோடு பக்கத்து நெறிக்கட்டியும் எடுத்துப் பார்க்கணும் என்றார்.

அம்மாவின் முகம் சுருங்கியது. "கால்ல முள்ளு கிள்ளு ஒண்ணும் குத்தலையே, எனக்கு ஏது நெறிக்கட்டு?"

நோய் இல்லாவிட்டாலும் எல்லார் உடம்பிலும் அந்த நிணநீர் முடிச்சுகள் உண்டு, புற்று பரவினால் அநேகமாக அங்கேதான் முதலில் போகும் என்றார் டாக்டர். அத்தனையையும் எடுத்தால் கால் வீங்கலாம் என்பது மட்டும் அம்மாவின் காதில் நின்றுவிட்டது. "யானைக்காலோட வீட்டுக்கு வர மாட்டேன். நெறியத் தொடக் கூடாது" என்று வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள். பார்க்காமல் விட்டால் பரவியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? திரும்ப உள்ளே போய் டாக்டரிடமே கேட்டேன், அத்தனையையும் எடுக்காமல் பார்க்க ஒரு வழி சொன்னார்.

அதை அம்மாவுக்குப் புரியவைக்க, திருத்துறைப்பூண்டியில் இருந்த உன் வயல்தான் என்னைக் காப்பாற்றியது.

"சித்தி வயல்ல தண்ணி எப்படிம்மா பாயும்? முதல் மடையில பாஞ்சுதானே அடுத்த வயலுக்குப் போகும்? அதே மாதிரி பச்சைச் சாயம் விட்டு, அது முதல்ல போய்ச் சேர்ற நெறி எதுன்னு கேமராவுல பார்ப்பாங்க. அதை மட்டும் எடுப்பாங்க. முதல் மடைக்கே களை விதை வரலைன்னா கடைமடையை எதுக்குக் கிண்டணும்?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம், "தங்கச்சி வயலைச் சொல்லியே என்னை மடக்கிட்டியேடி" என்று எழுந்து உள்ளே நடந்தாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் வராண்டாவில் நடந்தாள், சித்தி! ஆனால் எடுத்ததைச் சோதித்து ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று போனை வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடினேன். "முதல் மடை சுத்தம்மா!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அவளை யாரும் கேக்காமப் போயிட்டோமே" என்றாள்.

சாயங்காலம் தெருக் குழாயடியில் அவளே எல்லாருக்கும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், சூடும் இல்லை கீடும் இல்லை, நின்னப்புறம் ரத்தம் பட்டா உடனே போய்க் காட்டுங்கடி என்று. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குடத்தோடு என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "எனக்கும் கொஞ்ச நாளா..." என்று நிறுத்திக்கொண்டார்.

காலையில் அவரை அழைத்துப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் நிறுத்திய இடத்தில் நான் நிறுத்தவில்லை. எப்போதிலிருந்து, எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். கூசாமல் கேட்கும் இந்த வாய் நீ போன பிறகு வந்தது, சித்தி. உன்னிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் இப்போது மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.