குறுகக் காய்ச்சிய சீன மருந்து

மைனி,

இன்று அடுக்களை மேல்தட்டைத் துடைத்தபோது ஒரு பொட்டலம் கையில் பட்டது. பிரித்ததும் அதிமதுரமும் காய்ந்த புல்லும் கலந்த வாசனை. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து உங்களுக்கு அனுப்பிய சீன மருந்தின் மிச்சம். துணியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு நீர்க்கடுப்பு வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. ஆண் டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டீர்கள். அண்ணனிடம் மட்டும் போனில் சொன்னீர்கள். அவர் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீன மருந்துக்கடை. அங்கிருந்த முதியவர் வேர்களையும் விதைகளையும் சோளக்கதிரின் நாரையும் நிறுத்துக் கட்டிக் கொடுத்தாராம். பெரிய பாத்திரத்தில் நீர்க்கக் கொதிக்கவைத்து நாள் முழுக்கத் தண்ணீரைப் போலக் குடிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் இதை நம்பி இருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் போனில் அதை நம்மைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

நீங்களோ மண்சட்டியில் போட்டு, ஒரு அவுன்ஸாக வற்றும்வரை காய்ச்சினீர்கள். அண்ணன் சொன்னது இப்படி இல்லையே என்றேன்.

"கசாயம்னா குறுகணும் மக்களே. தண்ணியா இருந்தா அதுக்குப் பேரு சாயா."

இரண்டு பேரும் சிரித்தோம். சட்டியை இறக்கி வைத்தபிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "பிளாஸ்க் நெறைய குடிச்சிட்டு நான் எங்க போயிட்டு வர? ஒங்க அண்ணன்ட்ட சொல்லாண்டாம், என்ன?"

நாகர்கோவிலில் நீங்கள் சேலை எடுத்துக் காட்டும் வேலை பார்த்த கடையில், விற்பனைப் பெண்கள் கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். இப்போதுதானே போனாய் என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்வார். அதனால் இராஜாக்கமங்கலத்தில் பஸ் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவீர்கள். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் என்றீர்கள், அதுவும் வேலையில் சேர்த்தி என்பதுபோல. அண்ணனிடம் ஏசி கடையில் சுகமான வேலை என்று சொல்லிவைத்திருந்தீர்கள். வெயிலில் கட்டட வேலை பார்க்கிற மனிதருக்கு அந்த ஆறுதலாவது இருக்கட்டும் என்று.

பின்னால் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்த நோய்க்குச் சீன வைத்தியத்தில் உள்ள பெயர், நீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதைச் சொல்கிறதாம். உடம்பின் கீழ்ப்பாகத்தில் சூடு தங்கிவிட்டது என்பார்களாம். அதை நீரோடு இறக்கத்தான் அந்த வேர்களும் விதைகளும். நம் ஊரில் சூட்டுக் கடுப்பு என்பதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. இறங்குவதற்கு நீர்தான் உங்கள் உடம்பில் இல்லை.

விலாவில் வலியும் குளிர்காய்ச்சலும் வந்தன. தள்ளுபடி விற்பனை நேரத்தில் லீவு தரமாட்டார்கள் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, இரத்தத்திலும் கலந்திருந்தது. டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ சொல்லு" என்றீர்கள். நீங்கள் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

அடக்கத்துக்கு வந்திருந்த அண்ணன் மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏட்டி, அவ அத தண்ணி மாதிரி நெறைய குடிச்சாளா?"

"குடிச்சாவ" என்றேன்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கடைக்காரரைத்தான் திட்டுகிறார். புல்லைக் கட்டிக் கொடுத்து ஏமாற்றிவிட்டானாம். சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு அந்தத் தெரு வழியாக நடப்பதே இல்லையாம். போனில் அவர் சொல்லும்போதெல்லாம் உண்மை எனக்கு வாய்வரை வருகிறது. நீங்கள் தாகத்தோடு நின்ற நாட்களை அவர் தாங்கமாட்டார் என்று விழுங்கிக்கொள்கிறேன். சரியாகச் சொல்லிக்கொடுத்த, முகம் தெரியாத ஒரு முதியவர் மேல் நம் வீட்டின் பழி கிடக்கிறது. அதை எடுக்க நீங்கள் சொல்லாதே என்றதைச் சொல்லியாக வேண்டும். என்னால் முடியவில்லை, மைனி.