படம் பிடித்த பிறகு திருப்பி வாங்கிய தண்ணீர்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் குறைவில்லாமல் இருக்கிறோம், அவ்வளவு தூரத்துப் படை முகாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் வலி முழங்காலோடு நிற்கிறது, வாய்க்கு இன்னும் ஏறவில்லை. அண்ணன் வேனுக்குப் புது டயர் மாட்டிவிட்டான், கிடங்குக் கூரையின் ஒழுகலை அடைத்தாகிவிட்டது, பூனை மறுபடியும் பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் குட்டி போட்டுவிட்டு என்னையே முறைக்கிறது. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ வாயைத் திறந்தால் எனக்கு முறை வராது, அதுவும் போக இதை உன் முகத்தைப் பார்த்தோ குரலைக் கேட்டோ சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நம் தெருவைப் படை சுற்றிவளைத்துச் சோதனை போட்ட அன்று டிவியில் நான் பேசியதைப் பார்த்துவிட்டு, அப்பா அசத்திட்டீங்க என்று அனுப்பியிருந்தாய். குளிர்ந்துதான் போனேன், பொய் சொல்வானேன். ஆனால் நேற்று அம்மாவிடம் வேறு ஒன்று சொன்னாயாம். சோதனை நேரத்தில் ஜனங்களையும் பத்திரிகைக்காரர்களையும் எப்படி நடத்துவது என்று புதுச் சிப்பாய்களுக்கு நீ எடுக்கப்போகும் வகுப்பில், அந்தப் படத்தையே நல்ல உதாரணமாகப் போட்டுக் காட்டப்போகிறாயாம். காட்டாதே அம்மா. ஏன் என்று கேட்டுக்கொள்.

அன்று விடிவதற்குள் ஒலிபெருக்கி வந்துவிட்டது, கதவைத் திறந்து போட்டுவிட்டு அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வா என்று. தெருவே போய் வெட்டவெளியில் உட்கார்ந்தது, உன் அம்மாவும்தான். என்னை மட்டும் ஓர் அதிகாரி தனியாகக் கூப்பிட்டார், உன் வயதுதான் இருக்கும். நீங்கதானே வியாபாரிகள் சங்கத் தலைவர், பத்திரிகைக்காரங்க வர்றாங்க ஐயா, கொஞ்சம் பார்க்க ஒழுங்கா இருக்கணும், நீங்க மனசு வைக்கணும் என்றார். துப்பாக்கியைக் காட்டியிருந்தால்கூட யோசித்திருப்பேன், ஐயா என்று கூப்பிட்டதில் விழுந்துவிட்டேன். ஒழுங்கு பண்ணுவது எனக்குச் சொல்லித் தர வேண்டுமா, கடை முகப்பை அடுக்கித்தானே மேலே வந்தவன். கிடங்கிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து ஒரு மூலையில் நிழல் கட்டினேன். சட்டை கசங்காதவர்களாய்ப் பார்த்து முன் வரிசையில் உட்கார வைத்தேன். நம் கடையிலிருந்து ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்து, படம் எடுத்து முடியட்டும், அப்புறம் குடிக்கலாம், திறந்துட்டா பார்க்க நல்லா இருக்காது என்று சொன்னேன். விடியலிலிருந்து நாக்கு வறண்டு கிடந்த ஜனங்களிடம் அப்படிச் சொன்னேன். அவர்களும் கேட்டார்கள், நான் தெரிந்த மனுஷன் அல்லவா.

பத்திரிகைக்காரர்களைக் கயிறு கட்டிய வழியாக அந்த மூலைக்கு மட்டும் கூட்டி வந்தார்கள். எங்களை வீட்டு மனுஷங்க மாதிரிப் பார்த்துக்கிட்டாங்க என்று நான் பேசியதுதான் நீ பார்த்தது. நீ பார்க்காத ஒன்று உண்டு. ஒரு நிருபர்ப் பெண் குனிந்து நம் தையல்கார அக்காவிடம், எப்ப இருந்து உட்கார்ந்திருக்கீங்க என்று கேட்டாள். உன் பள்ளிக்கூடச் சீருடை அத்தனையும் தைத்துக் கொடுத்தாளே, அவள்தான், பக்கத்தில் சர்க்கரை வியாதிக்காரப் புருஷன் வேறு. அவள் வாயெடுக்குமுன் நான் குறுக்கே புகுந்து, இப்பதாம்மா வந்தாங்க என்றேன். அக்கா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு பாட்டிலைப் பார்த்துக்கொண்டாள்.

கேமரா போனதும் அதிகாரி, இன்னும் அரை மணியில எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம் என்றார். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு எதற்குத் தண்ணீர், மூடி திறக்காத சரக்கு வீணாகக் கூடாதே என்று என் புத்தி ஓடியது. என்னிடம் யாரும் எடுக்கச் சொல்லவில்லை, இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். முகப்பில் வைத்த சரக்கை மாலையில் உள்ளே எடுத்து வைக்கிற கை, அதுவாகவே நீண்டது. வரிசையாகப் போய் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி வாங்கினேன். உன் அம்மா நான் கேட்குமுன்பே நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தார்ப்பாயையும் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

அரை மணி என்றது உச்சி வெயில் தாண்டியும் முடியவில்லை. ஷட்டருக்குள் பாட்டில்களை லேபிள் வெளியே தெரிய நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது மைதானத்தில் கூச்சல் கேட்டது. தையல்காரி புருஷன் மண்ணில் சாய்ந்து கிடந்தார். பாட்டில் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா அவர் தலையை மடியில் வைத்தபடி சொன்னாள், வேணாம் அண்ணே, கேமராதான் போயிடுச்சே. கத்தவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் ஒரு சிப்பாய், சின்னப் பையன், தன் இடுப்புக் குடுவையைக் கழற்றிக் கொடுத்தான், அதை வாங்கிக்கொண்டாள். அவரை ஏற்றிய வண்டியைக் கயிற்றுக்கு வெளியே விட உத்தரவு வரத் தாமதம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைத்துவிட்டார், இப்போது வீட்டில் இருக்கிறார், ஆனால் இடது கை சரியாக வரவில்லை. அக்கா தைக்கிற துணிக்குப் பொத்தான் காஜா எடுப்பது அந்தக் கைதான்.

போய்ப் பார்த்தேன். உட்காருங்க அண்ணே என்று நாற்காலி போட்டாள், வாடிக்கைக்காரனுக்குப் போடுவதுபோல. மன்னிச்சிடும்மா என்றேன். உங்களை மன்னிக்க எனக்கென்ன அண்ணே, நான்தான் இப்பதான் வந்தேனே என்றாள். மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். உன் அம்மாவோ, நம்ம கடைத் தண்ணி எனக்கு வேணாம் என்று தெருக்குழாயில் பிடித்துக் குடிக்கிறாள். முழங்கால் வலியோடு தானே குடம் தூக்கி வருகிறாள்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை மகளே, அதுதான் பயம். அவருக்குப் படம் சரியாக வந்தால் போதும் என்று இருந்தது, என்னைப் போல ஓர் ஆள் கிடைத்தான். நீ போகிற தெருவிலும் ஐயா என்றால் விழுகிற சங்கத் தலைவன் ஒருவன் இருப்பான். அவனை நம்பாதே. கேள்வி கேட்கப்பட்டவரே பதில் சொல்லட்டும், பதில் உனக்குப் பாதகமாக இருந்தாலும் குறுக்கே யாரையும் விடாதே. நோயாளி யார் என்று முதலில் கேள். அந்தப் படத்தைக் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அதை நிறுத்திவிட்டு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, பேசுவது உன் அப்பா என்றும் சொல். சொல்ல வெட்கமாக இருக்கும், இருக்கட்டும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நீ நல்லபடி இருந்து நல்ல பெயரோடு திரும்பி வர வேண்டும், உன் தலைக்கு ஒரு தீங்கும் வரக் கூடாது, அதுவே என் ஆசி. வழக்கமாக இந்த இடத்தில், வெயிலில் நிற்கிறவள் நிறையத் தண்ணீர் குடி என்று எழுதுவேன். இந்தத் தடவையும் அதையே எழுதுகிறேன், ஆனால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் குடி.

தலைகுனிந்து,
உன் அப்பா