மலையடியில், ஆறு பெருகிய வாரம்

நவம்பர் 6, 1978. திங்கள்

காலையில் வெயில். கோப்பெங் தாண்டி பஸ் உள்ளே திரும்பியதும் மலைகள். தூரத்தில் அல்ல, சாலைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, நடுவே மழை ஒழுகின கறுப்புக் கோடுகள், உச்சியில் மட்டும் காடு. கழுத்து வலிக்கப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா ருக்குமணி வீடு. என்னை விட்டுவிட்டு அவர் மாலை பஸ்ஸில் ஈப்போ போய்விட்டார். ஒர்க்‌ஷாப்பில் லீவு தரமாட்டார்கள். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு மாதம் லீவு. டாக்டர் சொன்னது: ஓய்வு, படி ஏறக் கூடாது. எங்கள் வீடோ மூன்றாம் மாடி.

ஆறாம் மாதம். முதல் இரண்டும் ஐந்தைத் தாண்டவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. என் வயிற்றைப் பார்க்கவும் இல்லை. "வந்துட்டியா தேவி. காலக் கழுவிட்டு வா, சோறு போடுறேன்." அவ்வளவுதான். இரண்டு தடவையும் என்மேல்தான் குறை என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 7, செவ்வாய்

நல்ல தூக்கம். எழுந்ததும் ஜன்னலை அடைத்துக்கொண்டு மலை. பனி பாதி வரை இறங்கியிருந்தது.

அக்கா தோட்டத்துக் கங்கோங் கீரையைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். மெதுவாகக் கூடவே நடந்தேன். பார்த்தவை:
— ஈயத்தில் சம்பாதித்த ஒரு சீன முதலாளியின் பழைய பங்களா. கூரை இல்லை. மாடி ஜன்னல் வழியாக ஆலமரம் வெளியே வருகிறது. சுவரில் பூவேலை மட்டும் அப்படியே.
— ஆறு. பலகைப் பாலம். அதற்கு மேல்பக்கம் ஆற்றைத் தாண்டிப் போகும் பெரிய இரும்புக் குழாய். அந்தக் காலத்தில் ஈயச் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனதாம். ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், முழுக்கத் துரு.
— ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் கிராமம், கம்பம் என்பார்கள். தென்னைகள், மசூதி.

மளிகைக் கடை முதலாளி தௌக்கே என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம் மலாயில் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் பேச்சை மாற்றிவிட்டாள். சங்கடமாக இருந்தது.

சாயங்காலம் குகை வாயிலிருந்து உழவாரக் குருவிகள். புகை மாதிரி கிளம்பி, பிரிந்து, மறுபடி சேர்ந்து. காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்சேஞ்சில் நாள் பூராவும் காதில் குரல்கள். இங்கே காது சும்மா இருக்கிறது. யாருக்கென்று தெரியாமல் நன்றி சொல்லத் தோன்றியது.

தீபாவளி முறுக்கு இன்னும் மீதி. கொஞ்சம் நமுத்துவிட்டது. பரவாயில்லை.

நவம்பர் 8, புதன்

விடாத மழை. பாறை முகத்தில் நேற்று இல்லாத அருவிகள், நூல் நூலாக. அழகு. ஆனால் ஆறு சத்தம் போடுகிறது.

மதியம் பலகைப் பாலம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஈப்போ சாலையிலும் மண்சரிவு, பஸ் இல்லை. தௌக்கே கடை டெலிபோன் செத்துவிட்டது. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுக்கிறவள் நான், அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

ரசம், சுட்ட கருவாடு. மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

இரவு. வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. முதலில் தூக்கம் என்று நினைத்தேன். இனிப்புக் காப்பி குடித்தேன். இடப்பக்கம் படுத்தேன். ஒன்றுமில்லை. மதியமும் இல்லை. சொல்லவும் பயம். சொன்னால் உண்மையாகிவிடும் போல. கடைசியில் அடுக்களைக்குப் போய் நின்றேன்.

"அக்கா, பிள்ள ஆடல."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்பலேருந்து?"

"காலைலேருந்து."

"இப்பச் சொல்றியே!" குரல் உயர்ந்தது. உடனே அடங்கிவிட்டது. "சரி. படு. அந்தப் பக்கம் பீடான் இருக்கு. நான் போயி கூட்டிட்டு வாரேன்."

பீடான் என்றால் மருத்துவச்சி, கம்பத்துக்காரி.

"பாலம்தான் போயிருச்சேக்கா."

"குழா இருக்குல்ல."

கைலியை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் போய்விட்டாள். படுக்க முடியவில்லை. பின்வாசலிலிருந்து ஆறு தெரியும். நின்று பார்த்தேன். குழாயின் மேல் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து, கைகளை முன்னால் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போனாள். கீழே பழுப்புத் தண்ணீர், மரக்கட்டைகள். நடுவில் ஒரு தடவை நின்றாள். குனிந்து குழாயைக் கட்டிக்கொண்டாள். நான் வாய்விட்டு அழுதேன். பிறகு நகர்ந்தாள்.

சாமியிடம் குழந்தையைக் கேட்பதா, இவளைக் கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் கேட்டேன்.

திரும்பி வந்தபோது இரண்டு பேர். பீடானை மாக் லோங், பெரியம்மா, என்று கூப்பிட வேண்டுமாம். அக்காவைவிட வயது கூட. அவளும் அதே குழாய்மேல் வந்திருக்கிறாள், பையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு. ஈரத்தைத் துடைத்தாள், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள், வயிற்றைத் தடவினாள். மரத்தில் செய்த சின்ன ஊதுகுழல் மாதிரி ஒன்றை வைத்துக் காதைக் கொடுத்தாள். இடம் மாற்றினாள். மறுபடி மாற்றினாள். அக்கா என் கால்மாட்டில், உதட்டைக் கடித்துக்கொண்டு.

மாக் லோங் கண்ணை மூடினாள். பிறகு என் தோளில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். டக்டக் டக்டக். வேகமாக. எதற்குத் தட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அக்காவுக்குப் புரிந்தது. "கேக்குதாம் புள்ள! நெஞ்சு அடிக்குதாம்!" சத்தமாக அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

குழந்தை திரும்பி முதுகை முன்பக்கம் காட்டிப் படுத்திருக்கிறதாம், அதனால் ஆட்டம் சரியாகத் தெரியவில்லையாம். ஆறு வடிந்ததும் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள். சோறு சாப்பிட்டுவிட்டு இங்கேயே படுத்திருக்கிறாள். குறட்டை. அதைவிட நல்ல சத்தம் இந்த ஊரில் இல்லை.

நவம்பர் 10, வெள்ளி

மழை விட்டது. மலையைக் கழுவி வைத்த மாதிரி. விடியும்போது உள்ளே ஓர் உதை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அக்காவைக் கூப்பிட்டு அவள் கையை எடுத்து வைத்தேன். உள் தொடையெல்லாம் துரு கிழித்த காயம் அவளுக்கு. நான்தான் மஞ்சள் பூசிவிட்டேன்.

அப்போது கேட்டேன். "வந்த அன்னிக்கு நீங்க ஒன்னுமே கேக்கலியேக்கா?"

"கேட்டா கண்ணு பட்டுரும்னு பயந்தேன் லா. போன ரெண்டு வாட்டியும் நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கடைக்காரன் வரைக்கும் சொன்னேன்."

இத்தனை வருஷம் அந்த முகத்தை நான் தப்பாகப் படித்திருக்கிறேன். மஞ்சளை இன்னும் கொஞ்சம் குழைத்தேன்.

ஆறு இறங்குகிறது. மாக் லோங்கைச் சாம்பான் படகில் கொண்டுபோய் விட்டார்கள். அக்கா ஒரு கூடை கீரையும் கத்தரிக்காயும் ஏற்றிவிட்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு

சாலை திறந்துவிட்டது. அவர் முதல் பஸ்ஸில் வந்தார், மூன்று நாள் தாடியோடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காவின் காலில் விழப் போனார். "ஏந்திரிடா, சட்ட அழுக்காவுது."

நாளைக்கு பத்துகாஜா டவுன் ஆஸ்பத்திரி, மூன்று பேருமாக. லீவை நீட்டிக்கொண்டு பிரசவம் வரை இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்பைப் பார்த்தாள்.

சாயங்காலம் அக்கா மலையடியில் ஓர் இடம் காட்டினாள். படி இல்லை, ரப்பர் மரங்களுக்கு நடுவே சமதரை. நிமிர்ந்தால் பாறையின் வயிற்றுப் பகுதியில் சிவப்புக் கோடுகள். எப்போதோ, யாரோ, மழை படாத இடமாகப் பார்த்து வரைந்தவை. ஒரு மிருகம். கால்கள் தெளிவு, தலை அழிந்துவிட்டது.

"மானு," என்றாள் அக்கா. "வயித்துக்குள்ள குட்டி பாரு."

"மாடுக்கா அது," என்றார் அவர். "குட்டியெல்லாம் ஒன்னும் இல்ல, பாசி."

"ஒனக்குக் கண்ணு போச்சு. தேவி, நீ சொல்லு."

வெயில் இறங்கிப் பாறை பொன்னாக இருந்தது. எனக்கும் பாசிதான் தெரிந்தது. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"குட்டிதான்க்கா," என்றேன்.