நீர் சொன்ன ‘பைய’

அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பசை வாசம் முகத்தில் அடித்தது. தெர்மோகோல் ஒட்டும் பசை. உம் சட்டையில் எப்போதும் இருக்கும் வாசம். சனிக்கிழமை உம் வீட்டுக்காரம்மா ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். “அண்ணாச்சி, இத உங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக” என்றார்கள். உள்ளே ஸ்பிட்ஃபயர், அந்தக் கால வெள்ளைக்காரன் போர்விமானத்தின் ரிமோட்டில் பறக்கும் மாதிரி. நான் உடைத்த அதே விமானம்.

வண்ணார்பேட்டை மாடியறையில் நாலு மாதம் உட்கார்ந்து நீர் செய்தது. பழைய யுத்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பச்சையும் பழுப்புமாய்ச் சாயம் பூசி, மின்மோட்டார் பொருத்தி, கடைசியில் ஓட்டுகிற பொம்மையின் நெற்றியில் திருநீறும் இட்டுவிட்டீர்.

“வெள்ளைக்காரனுக்கு எதுக்கு ஓய் திருநீறு?”

“நம்மூரு ஆகாசத்துல பறக்கான்லா, பூசிக்கிடட்டும் வே.”

பாளையங்கோட்டையைத் தாண்டி, ஞாயிறுதோறும் நாம் கூட்டாளிகளோடு விமானம் விடும் அந்த வற்றிய குளத்தில், இறக்குகிற நேரம் பார்த்து ரிமோட்டை என் கையில் கொடுத்தீர். “நீரும் ஒரு தடவ இறக்கிப் பாரும்.” விமானம் தாழ்ந்து வந்தது. “பைய வே, பைய!” என்று கத்தினீர். நான் மோட்டாரை அடியோடு குறைத்துவிட்டேன். கனத்த போர்விமானம் அது. வேகம் போனால் இறக்கை தாங்காது. ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, மூக்கால் தரையில் குத்தியது. கையை மெல்ல அசையும் என்பதுதான் நீர் சொன்ன ‘பைய’. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். பயத்தில் விரல் முந்திவிட்டது.

ஆனால் அத்தனை பேர் முன்னாலும் என்ன சொன்னேன்? “‘பைய’ன்னு சொன்னது நீருதான ஓய்!” நீர் உடைந்ததைத் துண்டில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போனீர். அடுத்த ஞாயிறு நான் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ‘அவரே கூப்பிடட்டும்’ என்று ஒரு வீம்பு. இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. உமக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

பெட்டியில் இருக்கும் விமானத்தில் நீர் ஒட்டுப்போட்ட இடம் விரலால் தடவினால்தான் தெரிகிறது. கூடவே இருந்த ரிமோட்டில், மோட்டார் விசையின் ஓரமாய் ஒரு சிவப்பு நாடாத் துண்டு. பக்கத்தில் உம் கோழிக்கிறுக்கல்: ‘இறக்கும்போது இதுக்குக் கீழ போகாதேயும்.’ கண்ணை மூடிக்கொண்டு இறக்குகிறவர் நீர். உமக்கு எதற்கு அந்தக் குறி?

உம் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். “ரெண்டு மாசமா அதோடதான் மல்லுக்கட்டுனாக அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம ஆனா உங்க வண்டிச் சத்தம் கேக்குதான்னு பாப்பாக.”

பாவி நான்.

நேற்றுக் காலை அதே குளத்துக்குக் கொண்டுபோனேன். மூன்று சுற்று சுற்றி, விசை நாடாவுக்குக் கீழே போகாமல் இறக்கினேன். சக்கரம் தரையைத் தொட்டு, உருண்டு, நின்றது. நண்பர்கள் கை தட்டினார்கள். நான் நடந்துபோய் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

“தப்பு எம்மேலதான் ஓய்” என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு முழுசாய் இரண்டு மாதம் இருந்தது.