சுவரில் பின்னிய வழி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.05.2025

அன்புள்ள றொமேஷ் தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் இருக்கிறோம். மெல்பேர்ணில் குளிர் தொடங்கியிருக்கும். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்குச் சுகமாக இருக்கத் தெரியும்.

சித்திரையில் வந்து பத்து நாள் நின்றனீங்கள். அதில் ஒன்றரை மணித்தியாலம் உங்கள் அண்ணாவுக்கு, மிச்சம் நிலாவெளி ஹோட்டலுக்கு. அந்த நேரத்துக்குள் எங்கள் சுவரைப் பார்த்து, "என்ன அண்ணி, பொம்மைக் கடையோ?" என்று சிரித்தனீங்கள். விளங்காத ஆளுக்கு என்ன சொல்வது என்று தேத்தண்ணி போட எழும்பினேன்.

அது அலங்காரமில்லை, தம்பி. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய உங்கள் அண்ணா ஹெக்டர், சீனி வருத்தத்தில் கண் போன பிறகு எட்டு மாதம் தனியே கட்டிலை விட்டு இறங்கவில்லை. கழிவறைக்கும் நான் கைபிடிக்க வேண்டும். அந்த வெட்கத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்தவர். அதனால்தான் தடித்த நூலில் கொக்கி ஊசியால் குரோஷே பின்னி, அவர் தடவிப் போகக் கட்டிலிலிருந்து கழிவறை வரை சுவரில் ஆணியடித்தேன். படி வரும் இடத்தில் ஒரே கண்ணிக்குள் ஐந்து தடவை ஊசி விட்டு ஒன்றாக முடிந்தேன், பாக்களவு முட்டு எழும்பியது. கதவடியில் கீழ் வரிசைப் பின்னல்களைச் சுற்றி ஊசியைக் கொழுவினேன், வயல் வரம்பு போல் நின்றது. மூன்றாம் நாள் தனியே போய்வந்து, "கிறிஸ்டின், நான் போயிட்டு வந்திட்டன்" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார்.

நீங்கள் திரும்பிப் போக முதல், நாங்கள் கிளினிக் போன நாளில், பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த வீட்டுத் திறப்பை வாங்கி, ஆள் விட்டு எல்லாவற்றையும் பிடுங்கி வெள்ளை அடிப்பித்தனீங்கள். சர்ப்ரைஸாம். முகநூலில் படம் போட்டு லைக்கும் வாங்கினனீங்கள். நாங்கள் திரும்பி வந்ததும் பெயின்ற் மணம் வந்து நான் ஓடுவதற்குள் அவர் சுவரைத் தடவியபடி நடந்து படியில் விழுந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். நீங்கள் ஃபோனில் கேட்டபோது, "நல்லா இருக்கிறன்டா" என்றார். உங்கள் பெருமை கெட்டுவிடுமாம். நானென்றால் சொல்லியிருப்பேன்.

குப்பையில் கிடந்ததை எடுத்துக் கழுவினேன், அறுந்ததைப் புதிதாகப் பின்னினேன். உங்கள் வெள்ளைச் சுவரில் இப்போது முப்பது ஆணி.

உங்கள் மனைவி ஜெசிகா போன கிழமை கதைத்தவ. உங்களுக்கும் சீனி கூடவாம், கண்ணைக் காட்ட நேரமில்லை என்கிறீர்களாம். அண்ணாவும் கண் போக முதல், "அடுத்த மாதம் பார்ப்பம்" என்றுதான் சொன்னவர்.

இந்த மாதமே போய்க் காட்டுங்கோ. டொக்டர் சொல்வதை எனக்கு வேண்டாம், அண்ணாவுக்குச் சொல்லுங்கோ. ஜெசிகா சொன்ன நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை.

ஆண்டவர் உங்கள் கண்களைக் காக்கட்டும்.

அண்ணி,
கிறிஸ்டின்